1790 லண்டன் பாக்கெட் வாட்ச் மறுபடி ஓடுகிறது: பழுதுபார்த்துக் கொடுத்தவரின் வேலை பற்றி

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்: வேலை பிரமாதம், தகவல் சொல்வது சுமார், நேரம் மட்டும் அவர் சொன்னதைவிட ரொம்பவே அதிகம் பிடித்தது. பழைய வாட்ச் எப்படியாவது ஓடினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை. அதைச் செய்தவர்களின் கைவேலை அப்படியே இருக்க வேண்டும், அதுவும் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் தைரியமாகக் கொடுக்கலாம். தனி ஆளாக வேலை செய்கிறவர், ஏற்கெனவே வரிசையில் நிறைய வாட்ச் காத்திருக்கிறது, பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வேறு யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்களுக்கும் எதைக் கேட்க வேண்டும், திரும்பி வந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாட்ச் என்ன என்று சொல்லாமல் வேலையைப் பற்றிப் பேச முடியாது. ஏலத்தில் வாங்கிய வெள்ளி பாக்கெட் வாட்ச், இரட்டைக் கூடு: எந்திரம் இருக்கும் உள்கூடு ஒன்று, அதை அப்படியே உள்ளே வைத்து மூடும் வெளிக்கூடு ஒன்று. கூட்டின் உள்பக்கம் ஹால்மார்க், அதாவது வெள்ளியைச் சோதித்ததற்குக் குத்தும் முத்திரை, தெளிவாக இருக்கிறது. நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, வரி கட்டியதற்கு அடையாளமாக 1784-ல் குத்த ஆரம்பித்த அரசர் தலை, கூடவே வருடத்தைக் குறிக்கும் எழுத்து, ஆங்கிலச் சின்ன எழுத்து 'p'. லண்டன் அட்டவணைப்படி அது 1790. எந்திரத்தின் மேல்தகட்டில் இருக்கும் எண்ணும் கூட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருந்தன, வாங்கும்போது நான் முதலில் பார்த்தது அதைத்தான், ஏனென்றால் வெள்ளிக்காகக் கூட்டை உருக்கிவிட்டு எந்திரத்தை வேறு கூட்டில் போட்டு விற்பது காலங்காலமாக நடக்கிற விஷயம்.

உள்ளே இருப்பது வெர்ஜ் எஸ்கேப்மென்ட். சக்கரங்களைப் பல் பல்லாக விட்டு வாட்சின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் எஸ்கேப்மென்ட், அதில் மிகப் பழைய வகை வெர்ஜ். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1675-ல் பேலன்ஸ் சக்கரத்துக்கு, அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்துக்கு, சுருள் ஸ்பிரிங் கொண்டுவந்தார், ஆங்கிலேயக் கடிகாரக்காரர் தாமஸ் மட்ஜ் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, பின்னால் வெர்ஜின் இடத்தைப் பிடித்த லீவர் எஸ்கேப்மென்ட்டைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனாலும் வெர்ஜ் வாட்ச் 19-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் தாராளமாகத் தயாரானது. அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகள் அப்போது எங்கும் இருந்தன. இப்போது கைக்கடிகாரத்தில் கெட்டிக்காரராக இருப்பவர்கூட வெர்ஜைத் திறந்து பார்த்திருக்க மாட்டார், சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இவரிடம் போவதற்கு முன்னால் வேறு ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் காட்டினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாவற்றையும் கழற்றி ஒலி அலையால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, தகடுகளைப் பளபளவென்று தேய்த்து, வாட்சை ஓட்டும் ஸ்பிரிங்கான மெயின்ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம், கூட்டையும் பாலிஷ் செய்துவிடலாம் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஆபத்து. அந்தக் காலத்துத் தகடுகளில் இருப்பது பாதரசத்தோடு தங்கத்தைக் கலந்து பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கிப் பிடிக்க வைத்த முலாம். அந்தப் புகை நஞ்சு என்பதால் இன்று அப்படிப் பூசுகிறவர்கள் மிகக் குறைவு. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்தத் தங்கம் போய்விடும், மின்முலாம் பூசித் திரும்பக் கொண்டுவந்தாலும் அந்த மங்கலான வெண்ணெய் நிறம் வராது. கூட்டைத் தேய்த்தால் ஹால்மார்க் மழுங்கும். இந்தக் கால ஸ்பிரிங் அதே பருமனில் பழையதைவிட முரட்டுத்தனமாக இழுக்கும், வெர்ஜில் கூடுதல் விசை என்றால் கூடுதல் தேய்மானம். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவருக்கு முதலில் படங்கள் மட்டும் அனுப்பினேன். பதிலில் விலை வரவில்லை, கேள்விகள் வந்தன. சாவி கொடுத்துப் பார்த்தீர்களா, இனிமேல் கொடுக்க வேண்டாம். ஃப்யூஸி என்ற கூம்பில் செயின் சுற்றியிருக்கிறதா, இல்லை ஸ்பிரிங் இருக்கும் டிரம்மில் இருக்கிறதா. பேலன்ஸ் சக்கரம் லேசாக மூச்சு விட்டால் ஆடுகிறதா. மேல்தகட்டைத் தாங்கும் ஊசிகளில் ஏதாவது புதிதாக வெட்டிப் போட்ட மாதிரி தெரிகிறதா. இந்த வாட்சில் தகடுகளை இணைப்பது திருகாணி கிடையாது, தூண்களின் நுனியில் குறுக்கே செருகிய கூம்பு ஊசிகள். கடைசியாகக் கழற்றியவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஊசிகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஊசி தையல் ஊசியை நறுக்கிச் செருகியது.

வாட்ச் அவர் கைக்குப் போன பிறகு நிலை அறிக்கை ஒன்று வந்தது, இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு பாகத்துக்கும் கழற்றும் முன்பும் பின்பும் படம், அதன் கீழே இரண்டு மூன்று வரி. செயின் அறுந்திருக்கிறது. மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, ஆனால் முறியவில்லை. வெர்ஜ் தண்டின் கீழ் பிவட், அதாவது துளையில் சுழலும் மெல்லிய முனை, தேய்ந்து கூம்பாகிவிட்டது. பாலட் எனப்படும், தண்டில் இருக்கும் சிறிய தகடுகளின் முகங்களில் குழி விழுந்திருக்கிறது. பிவட் துளை ஒன்று அகன்று முட்டை வடிவமாகி, அதைச் சுருக்க யாரோ ஒருவர் சுற்றிலும் உளி முனையால் குத்தியிருக்கிறார். பழைய எண்ணெய் பச்சைப் பிசினாகிவிட்டது. நிமிட முள் இந்த வாட்சுக்கு உரியது இல்லை. எதைச் செய்யப் போகிறார், எதைச் செய்யாமல் விடப் போகிறார், ஏன் என்று அடுத்த பத்தி. எதைத் தொட மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்த ஒருவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இப்போது செயினுக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மெயின்ஸ்பிரிங் முழுதாகச் சுற்றியிருக்கும்போது பலமாக இழுக்கும், அவிழ அவிழ இழுவை குறையும். வெர்ஜ் அந்த வித்தியாசத்தைத் தாங்காது, விசை கூடினால் வேகமாக ஓடும். அதனால் ஸ்பிரிங் இருக்கும் டிரம்முக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் கூம்பு வடிவத்தில் ஃப்யூஸி என்ற பாகம், அதில் திருகு வரிசையாகப் பள்ளம், இரண்டையும் இணைக்க ஒரு செயின். ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது செயின் கூம்பின் சின்னப் பக்கத்தில் இழுக்கும், தளர்ந்த பிறகு அகலப் பக்கத்தில் இழுக்கும், ஆக சக்கரங்களுக்குப் போகும் விசை கிட்டத்தட்ட ஒரே அளவு.

அந்தச் செயின் சைக்கிள் செயின் மாதிரிதான் அமைப்பு, ஆனால் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எட்டு வடிவத்தில் இரண்டு துளை உள்ள எஃகுத் தகடுகள், ஒன்று நடுவில், இரண்டு பக்கத்தில், துளைக்குள் ரிவெட். ஏறத்தாழ அரை அடி நீளத்துக்குள் நூற்றுக்கணக்கான துண்டுகள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் ஊரில் இது பெரிய தொழிலாக வளர்ந்தது, பெண்களும் சிறுமிகளும் உட்கார்ந்து கையால் கோத்தார்கள், கண்ணைக் கெடுத்த வேலை. என் வாட்சின் செயின் எங்கே செய்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை, ஆனால் யாரோ ஒருவர் தகடு தகடாகக் கோத்தது என்பது மட்டும் நிச்சயம், அதைக் குப்பையில் போட எனக்கு மனமில்லை.

அறுந்தது ஃப்யூஸி பக்கம் இருக்கும் கொக்கிக்கு மிக அருகில். வேறு ஒரு வாட்சிலிருந்து எடுத்த செயினை மாட்டுவது சுலபமான வழி. இவர் அதைச் செய்யவில்லை. உடைந்த கண்ணியின் ரிவெட்டை உளியால் தள்ளி வெளியே எடுத்து, கெட்டுப்போன தகடுகளை மட்டும் அகற்றி, நல்ல தகடுகளை மறுபடி கோத்து, எஃகுக் கம்பியில் புது ரிவெட் செய்து தட்டி, பக்கவாட்டில் அரம் போட்டுச் சமன்படுத்தியிருக்கிறார். துரு பிடித்து விறைத்திருந்த மற்ற கண்ணிகளை எண்ணெயில் ஊறவைத்து, ஒரு மரக்கட்டையின் வளைவில் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் தளர்த்தியதாக எழுதியிருந்தார். முன்னும் பின்னும் எடுத்த படங்களில், முதல் படத்தில் மேசை மேல் கோணல்மாணலாக நிற்கும் செயின், இரண்டாவது படத்தில் விரல் மேல் தானாக வழிந்து கிடக்கிறது. சேர்த்த இடத்தை லென்ஸ் வைத்துத் தேடினேன், ரிவெட்டின் நிறம் கொஞ்சம் வெளிறியிருப்பதைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை. நீளம் ஒரு கண்ணி அளவு குறைந்தது, அதனால் ஓட்டத்தில் பாதிப்பு இல்லை என்று கணக்கும் கொடுத்திருந்தார்.

மெயின்ஸ்பிரிங் விஷயத்தில் அவர் எடுத்த முடிவு எனக்கு முதலில் ஆச்சரியம். தளர்ந்திருந்தாலும் பழையதையே சுத்தம் செய்து போட்டார். சாவி மாட்டும் ஃப்யூஸி சதுரத்தில் எடைக்கோல் ஒன்றை மாட்டி, எடையை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு சுற்றிலும் இழுவை எவ்வளவு என்று அளந்து, ஸ்பிரிங்கில் முதலிலேயே ஏற்றி வைக்கும் முன்விசையைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்திருக்கிறார். கடைசிச் சுற்றில் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது, தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்தால் அந்தப் பகுதிக்குப் போகவே போகாது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஒருவேளை பின்னால் முறிந்தால் போடுவதற்கு மெல்லிய ஸ்பிரிங் ஒன்றையும் அளந்து தேர்ந்தெடுத்துத் தனி உறையில் அனுப்பியிருக்கிறார்.

வெர்ஜ் தண்டில் பாலட் என்ற இரண்டு சிறிய தகடுகள், ஏறக்குறைய செங்கோணத்தில். கிரீட வடிவச் சக்கரத்தின் பல் ஒன்று மேல் தகட்டைத் தள்ளும், எதிர்ப்பக்கத்துப் பல் கீழ்த் தகட்டைத் தள்ளும், அந்த இழுபறியில்தான் பேலன்ஸ் ஆடும். இரண்டு நூற்றாண்டாகப் பல் இடித்த இடத்தில் குழி விழாமல் என்ன செய்யும். புதுத் தண்டு செய்வதற்குப் பதிலாக, குழி மறையும் அளவுக்கு மட்டும் தேய்த்து மெருகேற்றி, குறைந்த அளவுக்குச் சக்கரத்தை நெருக்கி வைத்திருக்கிறார். தேய்ந்த பிவட்டை வெட்டிவிட்டு, தண்டின் நுனியில் துளை போட்டுப் புது எஃகுத் துண்டு செருகிக் கடைந்திருக்கிறார். அகன்ற துளைக்குப் பித்தளை புஷ், அதாவது துளைக்குள் செருகும் சிறு வளையம். குத்திய தழும்புகளை அப்படியே விட்டுவிட்டார்.

அப்படியே விட்டவை இன்னும் இருக்கின்றன, எனக்கு அதில் தனிச் சந்தோஷம். கூட்டின் உள்பக்கம் பழைய பழுதுபார்ப்பவர்கள் ஊசியால் கீறிய குறிப்புகள், வெவ்வேறு கையெழுத்தில், சிலது வாசிக்க முடிகிறது, சிலது முடியவில்லை. இதைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டாம். இரண்டு கூடுகளுக்கும் நடுவில் வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்று, அந்தக் காலத்தில் கூடு ஆடாமல் இருக்கவும் தங்கள் விளம்பரத்துக்காகவும் கடிகாரக்காரர்கள் வைத்தது, அதை அமிலம் இல்லாத உறையில் தனியாகப் போட்டுத் தந்தார். எனாமல் டயலில் இரண்டரை மணி இடத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஓடும் மயிரிழைக் கீறல், அதையும் நிரப்பவில்லை. எனாமல் என்பது செம்பின் மேல் உருக்கிய கண்ணாடி, மறுபடி சூளையில் வைத்தால் முழு டயலும் போக வாய்ப்பு இருக்கிறது, பிசின் வைத்து நிரப்பினால் சில வருடத்தில் மஞ்சளாகும். அழுக்கை மட்டும் எடுத்திருக்கிறார், கீறல் இப்போது கறுப்பாகத் தெரியாமல் மெல்லிய சாம்பல் கோடாகத் தெரிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, நேரம். சொன்ன தேதி போய், அடுத்துச் சொன்ன தேதியும் போய், நடுவில் ஒரு நீண்ட மௌனம், நானே எழுதிக் கேட்ட பிறகுதான் பதில். தாமதத்துக்குக் காரணம் நியாயமானது, கடைசல் இயந்திரம் பழுதாகியிருந்தது, ஆனால் அதை நான் கேட்பதற்கு முன்பே இரண்டு வரி எழுதியிருக்கலாம். இவ்வளவு அருமையாக அறிக்கை எழுதுகிறவருக்கு அது கஷ்டமான காரியம் இல்லை. இரண்டாவது, ஆரம்பத்தில் கொடுத்த எஸ்டிமேட்டில் முள் செய்யும் கூலி இல்லை, பிறகு சேர்ந்தது. என் சம்மதம் வாங்கித்தான் சேர்த்தார், இருந்தாலும் முள் தவறானது என்று முதல் அறிக்கையிலேயே எழுதியவர் அதைக் கணக்கிலும் அப்போதே சேர்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது. திரும்பி வந்த வாட்ச் முதல் நாள் அழகாக ஓடியது, அப்புறம் நிற்க ஆரம்பித்தது. கவனித்துப் பார்த்தால் எப்போது நின்றாலும் நிமிட முள் இருபத்தைந்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தினமும் ஏதோ ஒரு நேரத்தில் நின்றால் எந்திரத்தில் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் நின்றால் முள் எதையோ தொடுகிறது. புது முள்ளின் நடுப்பகுதி பழையதைவிடக் கொஞ்சம் உயரம், புதிதாகப் போட்ட கண்ணாடி அந்தக் காலத்துக் குவிந்த கண்ணாடியைவிடக் கொஞ்சம் தட்டை, இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்தில் உரசியிருக்கிறது. கூட்டை மூடி எல்லா நிலையிலும் வைத்துச் சோதித்திருந்தால் அவரிடமே பிடிபட்டிருக்கும். சொன்னதும் வாதாடாமல் அனுப்பச் சொன்னார், முள்ளைக் கீழிறக்கி, கண்ணாடியையும் மாற்றி, போகிற வருகிற செலவு அவருடையது என்று செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு இல்லை.

முள்ளின் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. வண்டு வடிவ மணி முள் பழையது, அதற்குப் பொருத்தமாக நீளமாய்க் கூர்ந்த நிமிட முள்ளை எஃகில் அறுத்து, முந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி நீலம் கொண்டுவந்திருக்கிறார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியது கொஞ்சம் பிரகாசமாக இருக்கிறது. செயற்கையாக மங்க வைக்க மாட்டேன், பின்னால் பார்ப்பவருக்கு எது புதியது என்று தெரிய வேண்டும் என்றார். பழைய தவறான முள்ளையும் திருப்பித் தந்தார், கழற்றிய எல்லாத் துண்டுகளையும் சின்னச் சின்ன உறையில், அந்தத் தையல் ஊசித் துண்டு உட்பட.

இப்போது எப்படி ஓடுகிறது? மல்லாக்க வைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் வேகம், தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் மாறும், வெயில் காலத்தில் ஸ்பிரிங் தளர்ந்து மெதுவாகும். வெர்ஜுக்கு இது நல்ல ஓட்டம், இதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம், நொடி கணக்குத் துல்லியம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் வெர்ஜ் பார்த்ததில்லை என்று அர்த்தம். இன்னொன்று, சாவி கொடுக்கும்போது வாட்ச் நிற்பது கோளாறு கிடையாது. ஃப்யூஸியைத் திருப்பும் நேரம் சக்கரங்களுக்கு விசை போகாது, அதைத் தடுக்கும் அமைப்பு இந்த மாதிரி வாட்சில் இல்லை. சாவியை எடுத்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும், இல்லையென்றால் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும். முழுதாகச் சுற்றியதும் ஒரு தடுப்பு வந்து முட்டும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் செயின்தான் முதலில் போகும். சாவியின் சதுரம் சரியான அளவில் இருக்க வேண்டும், தளர்வான சாவி ஃப்யூஸி சதுரத்தின் முனைகளை உருட்டிவிடும். இவர் அளவெடுத்த சாவியையும் சேர்த்தே அனுப்பினார், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் பரிசு கொடுக்க நாள் குறித்துக்கொண்டு கொடுக்காதீர்கள். வேறு ஒருவரிடம் கொடுப்பதாக இருந்தால், வெர்ஜ் ஃப்யூஸி இதற்கு முன் செய்திருக்கிறாரா, பாகத்தைத் தானே கடைந்து செய்வாரா, பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா, முலாமைத் தேய்ப்பாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்' என்று பதில் வந்தால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அறிக்கையின் கடைசியில் எழுதியிருக்கிறார், அப்போதும் இவரிடமேதான் அனுப்பப் போகிறேன், இந்த முறை கண்ணாடியையும் முள்ளையும் மூடிய கூட்டில் எல்லா நிலையிலும் சோதித்து அனுப்புங்கள் என்று கடிதத்திலேயே எழுதி வைத்து.